கடிதத்திற் பிறந்த நூல்

ஆங்கில நாட்டிற் பழைய நூல்களைத் தேடித் தொகுப்போரிடையே ஒரு விந்தையுண்டு. பேரறிஞரொருவர் எழுதிய தடித்த நூலின் முதற்பதிப்புச் சில பவுண்களுக்கு விலைப்பட, பாலர் கையில் அடங்கும் முயற்கதை ஒன்றின் முதற்பதிப்புப் பல்லாயிரம் பவுண் பெறுதல் கூடும். கேட்போர்க்கு முதலில் இது பொருந்தாச் செயலாகவே தோன்றும். செல்வம் மிக்கோரின் வீண்பொழுதுபோக்கு என்று தள்ளிவிடவும் தோன்றும். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் மாறுதற்கு என் கையாலே நிகழ்ந்த தவறொன்று காரணமாயிற்று. அதனைக் கட்டுரையின் ஈற்றிற் சொல்வேன்.

முதற்பதிப்பென்பது ஒரு நூல் முதன்முதல் அச்சேறி வெளிவந்த வடிவம். பிற்காலத்தில் அந்நூல் எத்துணை அழகுற அச்சிடப்பட்டாலும், ஆசிரியர் தம் கண்முன்னே உருவாகக் கண்டது அம்முதல் வடிவமே. தாளின் அளவு பற்றியும் படங்களின் நிறம் பற்றியும் அவர் அச்சகத்தாரோடு வாதாடிய சுவடு அதிலேதான் உண்டு. பாலர் நூலாயின் இன்னொரு காரணமுஞ் சேர்கின்றது. பெரியோருடைய நூல் அலுமாரியில் இருக்கும். பாலருடைய நூலோ தரையிற் கிடக்கும்; உணவு மேசைக்குச் செல்லும்; காய்ச்சலிற் கிடக்கும் பிள்ளையின் போர்வைக்குட் புகும்; படங்கள் மீது வர்ணப் பென்சில் ஓடும்; ஈற்றில் இளைய பிள்ளையின் கையிற் கிழிபடும். விரும்பப்பட்ட நூலே விரைந்து அழிகின்றது. ஆகவே நூறாண்டு கடந்தும் மாசுமறுவின்றி நம்மிடம் வந்துசேரும் பாலர் நூல், பெரும்பாலும் எந்தப் பாலரும் விரும்பிப் படியாத நூலாகவே இருத்தல் வேண்டும். தொகுப்போர் மிகுந்த பொருள் கொடுத்து வாங்குவதோ அதனையே!

இம்முரண்பாட்டைப் பியற்றிக்ஸ் பொற்றர் என்னும் ஆங்கில ஆசிரியையின் நூல்களையும் கடிதங்களையும் கொண்டு ஆராய்தல் தகும். பாலருக்கு எழுதிய பிறர் பலருளர். எனினும், அச்சிட்ட நூலுக்கும் ஒரு பிள்ளைக்கு எழுதிய கடிதத்துக்கும் உள்ள உறவு இவரிடத்திலே விளங்குவது போலப் பிறரிடத்தில் விளங்குதல் அரிது.

இவர் 1866ஆம் ஆண்டு யூலை மாதம் 28ஆந் திகதி இலண்டனிற் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தார். அக்காலத்துச் செல்வர் வீட்டுப் பெண்பிள்ளைகள் போலப் பாடசாலைக்குச் செல்லாது, வீட்டுக்கு வரும் ஆசிரியைகளிடமே கற்றார். முயல், எலி, முள்ளெலி, தவளை முதலியவற்றை வளர்த்து, அவற்றை நாள்தோறும் உற்றுநோக்கி வரைந்தார். அவருக்கு ஜேர்மன் மொழி கற்பித்த ஆசிரியை அனி காட்டர் என்பவர் அவரினும் மூன்று வயதளவே மூத்தவர். அவ்வாசிரியை மணம் முடித்துத் திருமதி மூர் ஆகி வேறில்லம் சென்ற பின்னரும் நட்பு நீங்கவில்லை. மூர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பியற்றிக்ஸ் அடிக்கடி கடிதம் எழுதுவார். எழுத்தினிடையே படங்களும் வரைவார்.

1893ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி அவர் ஸ்கொத்லாந்தில் டங்கெல்ட் என்னும் ஊரில் விடுமுறை கழித்துக்கொண்டிருந்தார். மூர் குடும்பத்தின் மூத்த மகனாகிய நோயெல், ஆறு வயது நிரம்பாதவன், நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தான். அவனுக்கு எழுதச் செய்தி எதுவுங் கிட்டாமையால், நான்கு முயற்குட்டிகளைப் பற்றிய கதையொன்றைப் படங்களோடு எழுதியனுப்பினார். மறுநாள் தம்பி எரிக்குக்கு, மீன்பிடிக்கச் சென்ற தவளை ஒன்றின் கதையை எழுதினார். அண்ணனுக்குக் கதை வர, தம்பிக்கு வராதிருந்தால் அவ்வீட்டில் என்ன நிகழுமென்பது பிள்ளைகளைப் பெற்றோர்க்குத் தெரியும். அவ்விரு நாட்களில் எழுதிய இரு கடிதங்களும் பின்னர் இரண்டு நூல்களாயின.

எவ்வாறாயின என்பதே இங்கு நாம் நின்று நோக்கத்தக்கது. அவர் நூலெழுத அமர்ந்தவரல்லர். கடிதத்துக்குப் பிரதி வைத்திருந்தவருமல்லர். ஏழாண்டுகள் கழிந்தன. 1900ஆம் ஆண்டளவில், அக்கடிதங்களை நூலாக்கலாமே என்று திருமதி மூர் கூறினார். அப்பொழுது பியற்றிக்ஸ் தம் கதையைத் தாமே இரவல் வாங்க வேண்டியவரானார். பிள்ளைகள் அக்கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தமையால் இரவல் கிடைத்தது. எழுதியவரிடம் இல்லாத நூல், நோயுற்ற பிள்ளையொருவனின் உடைமைகளிடையே இருந்தது. அவன் அதனை அடுப்பிலிட்டிருந்தாலோ, தாயார் வீடு துப்புரவாக்கும்போது குப்பையோடு வாரியிருந்தாலோ, பீற்றர் முயல் என்னும் பெயரை உலகம் அறிந்திராது. ஆகவே பொற்றர் நூல்களை முதன்முதற் பேணித் தொகுத்தவர் யார் என வினவின், பெருஞ்செல்வர் எவரையுங் காட்டவியலாது. அம்மூர் பிள்ளைகளையே காட்டுதல் வேண்டும்.

கதையை விரித்தெழுதி வெளியீட்டாளருக்கு அனுப்பினார். குறைந்தது ஆறு நிறுவனங்கள் மறுத்தன. மறுத்தமைக்குக் கதை மட்டுமே காரணமன்று. அவர் கேட்டது சிறிய நூல், சிறு கையிற் பிடிக்கத்தக்க அளவு, மலிவான விலை. வெளியீட்டாளர் விரும்பியது பெரிய நூல். 1900 மார்ச்சில் மூர் குடும்பத்து மகளொருத்திக்கு எழுதிய கடிதத்தில், தாம் வெளியீட்டாளரோடு வாதாடுவதைப் படமாகவே வரைந்து காட்டியுள்ளார். ஆறு சிலிங் விலையுள்ள நூலொன்றை ஆக்குவதினும் ஒரு சிலிங் விலையுள்ள இரண்டு மூன்று நூல்களை ஆக்கவே தாம் விரும்புவதாகவும், முயற்குட்டிகளிடம் ஆறு சிலிங் இராது என்றும் அதிலே நகைச்சுவையாகக் கூறுகின்றார். வெளியீட்டாளரின் கோப்புகளில் இச்செய்தி வணிகப் பிணக்காகவே இருக்கும். ஒரு சிறுமிக்கு எழுதிய கடிதத்திலேதான் அது ஒரு கொள்கையாகத் தோன்றுகின்றது. கடிதங்களைத் தொகுப்பதனால் ஆய பயன் யாதென்று கேட்போர்க்கு இதனைச் சுட்டலாம்.

ஈற்றிற் பியற்றிக்ஸ் தம் சொந்தப் பணத்திலே 250 பிரதிகளை அச்சிட்டார். அவை 1901 திசெம்பரில் வெளியாயின. படங்கள் கறுப்பு வெள்ளை. முகப்புப் படம் ஒன்றே வர்ணம். சிலவற்றை உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்தார், எஞ்சியவற்றை விற்றார். சில வாரங்களிலேயே தீர்ந்துபோக, 1902 பெப்ரவரியில் இன்னும் 200 அச்சிட்டார். இவ்விரண்டையும் பிரித்தறிவது தொகுப்போர்க்கு முதற்பாடம். பிந்தியது தேதி தாங்கியது, முதுகு வளைந்தது. முந்தியது தேதியற்றது, முதுகு தட்டையானது. முன்னர் மறுத்த நிறுவனங்களுள் ஒன்றாகிய பிரெடரிக் வோர்ன் நிறுவனம், படங்களெல்லாம் வர்ணத்தில் அமையவேண்டுமெனக் கேட்டு நூலை ஏற்றது. 1902 ஒக்ரோபரில் வெளிவந்த அப்பதிப்பின் முதலச்சு 8,000 பிரதிகள். வெளிவரு முன்னரே அவை அனைத்தும் விலைப்பட்டுவிட்டன. ஆண்டு முடியுமுன் 28,000 பிரதிகள் அச்சாயின. அமெரிக்காவிற் பதிப்புரிமையைப் பதிவுசெய்ய நிறுவனத்தார் தவறியமையால், அங்கே பிறர் ஆசிரியருக்கு ஒரு சதமுங் கொடாது அச்சிட்டு விற்றனர். அக்களவுப் பதிப்புக்களையும் இன்று தேடித் தொகுப்போருளர் என்பது வேடிக்கை.

இனி, வோர்ன் பதிப்பின் முதலச்சை அறிவது எங்ஙனம்? தலைப்புப் பக்கத்தில் 1902 என ஆண்டு இருத்தல் வேண்டும்; ஆனால் அது மட்டும் போதாது. அவ்வாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அச்சாயிற்று. ஐம்பத்தோராம் பக்கத்திலே, வலையில் அகப்பட்ட பீற்றர் பெருங்கண்ணீர் விடும் இடத்தில், முதலச்சில் அழுதலைக் குறிக்கும் வினையொன்று உளது. பிந்திய அச்சுக்களிற் கண்ணீர் சொரிதலைக் குறிக்கும் வேறு வினை இடம்பெற்றுளது. கண்ணீரை அழுதல் என்பதினும் கண்ணீரைச் சொரிதல் என்பது மொழிமரபுக்கு ஏற்றதென்று திருத்தினர் போலும். அன்றியும் 1903இல், நூலின் உள்ளட்டைத் தாள்களை வர்ணப் படங்களால் அணிசெய்ய இடம் வேண்டி, உள்ளிருந்த நான்கு படங்கள் நீக்கப்பட்டன. அவற்றுளொன்று பீற்றரின் தந்தை பண்டமாகிப் பரிமாறப்பட்ட செய்தியைச் சார்ந்தது. தமிழ் பயின்றார்க்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. சங்க நூலொன்றை ஏடுகள் கொண்டு பதிப்போர் ஒரு சொல்லுக்கு மூன்று பாடங்களைக் கண்டு, எது முந்தியதென ஆராய்வதும் இதுவே. நாம் அதனைப் பாடபேதம் என்போம். அங்கே பழம்புத்தகக் கடையில் அது விலைபேதமாகின்றது.

அக்காலத்து வோர்ன் நூல்கள் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளுறையோடு விற்கப்பட்டன. பிள்ளை நூலைப் பெற்ற அன்றே அவ்வுறை கசங்கிக் கிழிந்திருக்கும். எஞ்சியன மிகச் சில. உறையோடு கூடிய பிரதிக்கும் உறையற்ற பிரதிக்கும் விலையிலுள்ள வேறுபாடு பெரிது. அவ்விலை அவ்வுறையின் அழகுக்கன்று. எந்தப் பிள்ளையும் அதனைத் தொடாமைக்குக் கொடுக்கும் விலை என்றே நான் கொள்வேன்.

கையொப்பமிட்ட பிரதிகளைப் பற்றிக் கூறுமிடத்து வெறுங் கையொப்பத்தையும் கையளிப்பு வாசகத்தையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். வெற்றுத்தாளில் ஒரு பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தால் அது போலியாக இருத்தல் கூடும். பழைய தாளும் பழைய நூலும் கிடைக்குமிடத்துப் பழைய பெயரையும் எழுதிவிடலாம். இன்னார்க்கு, இன்ன நாளில், இன்ன காரணத்தாற் கொடுக்கப்பட்டது என்றிருப்பின் அம்மூன்றையும் ஆசிரியரின் வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்க இடமுண்டு. பொற்றர் விடயத்திற் பெயரே ஒரு சான்றாகின்றது. அவர் 1913 ஒக்ரோபரில் வில்லியம் ஹீலிஸ் என்னும் சட்டத்தரணியை மணந்தார். அதன்பின் தம் கடிதங்களிலே ஹீலிஸ் என்ற பெயராலேயே கையொப்பமிட்டார். ஊரவர்க்கும் அவர் ஆட்டுமந்தை வளர்க்கும் ஹீலிஸ் அம்மையாரே. ஆகவே 1925ஆம் ஆண்டுத் தேதியிட்ட கடிதமொன்றிற் பொற்றர் என்னும் பெயர் மட்டும் இருப்பின், வாங்குவோர் ஒருமுறைக்கு இருமுறை ஆராய்தல் நன்று.

அவர் எழுதிய வாசகங்களுள் என் மனத்தைத் தொட்டது ஒன்றுண்டு. அவர் வளர்த்த பீற்றர் என்னும் முயல், ஒன்பதாம் வயது முடியுந் தறுவாயில், 1901 சனவரி 26ஆந் திகதி இறந்தது. அவ்வாண்டின் ஈற்றில் வெளிவந்த தனிப்பதிப்புப் பிரதி ஒன்றில், அதன் இறந்த நாளைக் குறித்து, அதன் அறிவு சிறிதாயினும் அன்பு குறையாதது என்னுங் கருத்துப்பட இரங்கல் வாசகம் எழுதியுள்ளார். நூலை வாசித்தோர் முயலொன்றைக் கற்பனையிற் கண்டனர். எழுதியவர் தம் முயலை அடக்கஞ் செய்த பின்னரே அந்நூலைக் கையில் எடுத்தார். அச்சான இருநூற்றைம்பது பிரதிகளில் ஏனையவை சொல்லாத இதனை அவ்வொரு பிரதி சொல்கின்றது. இத்தகைய பிரதியைத் தேடி ஒருவர் கடல்கடந்து செல்வாராயின் அவரை நான் நகையேன்.

நூல்கள் பெருகிய பின்னரும் அவர் பிள்ளைகளுக்கு எழுதுவதை விடவில்லை. மூர் குடும்பத்து இளைய பிள்ளைகளுக்கும் பிறர்க்கும் மிகச் சிறிய கடிதங்களை எழுதினார். அவை அவர் பெயரால் எழுதப்பட்டனவல்ல. கதைமாந்தர் தமக்குள்ளே எழுதிக்கொண்டவை. சிறு தாளொன்றை மடித்து உறையாக்கி, முத்திரையும் வரைந்து, விளையாட்டுத் தபாற்பெட்டியில் இட்டனுப்புவார். நட்கின் என்னும் அணில், கதையின் முடிவில் ஆந்தையிடம் தன் வாலை இழந்தது. அவ்வாலைத் திருப்பித் தருமாறு அது பணிந்து கேட்கின்றது, ஆந்தை மறுமொழி தரவில்லை, மீண்டும் எழுதுகின்றது, வேறு பிராணிகளும் இதில் தலையிடுகின்றன, ஈற்றில் வாலைத் தின்றுவிட்டமையால் திருப்பித் தரவியலாதென்று மறுமொழி வருகின்றது. நூலில் முடிந்த கதை கடிதத்தில் முடியவில்லை. வாலிழந்த அணிலுக்காக மனம் வருந்திய பிள்ளைகளை முன்னிட்டே இவ்வாறு எழுதினாரென்று கருத இடமுண்டு. இக்கடிதங்கள் விரலளவானவை. அவற்றுட் பல பிழைத்திருப்பதே வியப்பு. நம் வீடுகளிற் பிறந்தநாள் வாழ்த்து அட்டையே ஒரு வாரம் நிலைப்பதில்லை.

இன்னொரு பிள்ளையையும் இங்கே நினைத்தல் தகும். குளோஸ்ரர் நகரத் தையற்காரனைப் பற்றிய கதையை 1901ஆம் ஆண்டு நத்தார்ப் பரிசாக, மூர் குடும்பத்து மகளாகிய பிரீடாவுக்கு, சாதாரணக் கொப்பி ஒன்றில் எழுதி வர்ணப்படம் வரைந்து கொடுத்தார். மறுஆண்டு அதனையும் இரவல் வாங்கி, 500 பிரதிகளாகத் தம் செலவில் அச்சிட்டார். 1903இல் வோர்ன் நிறுவனம் சுருக்கி வெளியிட்டது. அக்கொப்பி பின்னர் அமெரிக்கச் செல்வர் ஒருவரின் தொகுப்பிற் சேர்ந்து, அவருக்குப்பின் பிலடெல்பியா நகரப் பொதுநூலகத்தை அடைந்தது. 1968இல் அதன் நிழற்படிவம் நூலாக வெளிவந்தது. சுருக்கத்தின்போது கழிந்த பகுதிகளை இன்று நாம் வாசிக்கக் கூடியதாயிருப்பது அதனாலேயே.

கையொப்பத்துக்கு விலையுண்டென்பதை ஆசிரியையும் அறியாதவரல்லர். 1905இல் அவர் ஏரிமாவட்டத்தில் ஒரு பண்ணை வாங்கினார். தொடர்ந்து நிலங்கள் வாங்கி, அவ்வெழில்மிகு நாட்டைக் கட்டடக்காரர் கையினின்றுங் காக்க முயன்றார். 1927இல் வின்டமியர் ஏரிக்கரையில் ஒரு நிலத்துண்டு விற்பனைக்கு வந்தபோது, நிதி திரட்டும் பொருட்டு, பீற்றர் முயலின் படங்களைத் தம் கையாலேயே மீண்டும் வரைந்து கையொப்பமிட்டு, ஐம்பது படங்களை அமெரிக்கப் பொஸ்ரன் நகரத்துப் பாலர் இலக்கிய சஞ்சிகை ஒன்றின் வழியாக விற்றார். படமொன்றின் விலை ஐந்து கினி. அறுபது வயது கடந்த ஒருவர் பழைய முயலை ஐம்பது முறை வரைதல் இன்பமான வேலையாக இருந்திராது. அவ்வாறு விற்ற படமொன்றை இன்று உடையவர், அது ஏரிக்கரையின் விலையென்பதை அறிந்து வைத்திருப்பாராக. 1943 திசெம்பர் 22ஆந் திகதி அவர் காலமானபோது, நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் நாட்டின் மரபுரிமைப் பேரவைக்கு விட்டுச் சென்றார்.

தொகுப்போர் என்னும் இனத்துள் நான் மிக மதிக்கும் ஒருவர் லெஸ்லி லிண்டர். இவர் பேராசிரியரல்லர், பாரந்தூக்கும் பொறிகள் செய்யும் தொழிலைச் சார்ந்த பொறியியலாளர். தம் தங்கையாரின் துணையோடு பொற்றரின் படங்களையும் கையெழுத்துக்களையும் முதற்பதிப்புக்களையும் ஆண்டாண்டாக வாங்கிச் சேர்த்தார். 1952ஆம் ஆண்டிற் பொற்றரின் உறவினர் ஒருவர், ஏரிமாவட்டத்து இல்லத்திலே மறைகுறிகளால் எழுதப்பட்ட தாள்களும் கொப்பிகளும் அடங்கிய கட்டொன்றைக் கண்டெடுத்தார். எவருக்கும் அது விளங்கவில்லை. லிண்டர் அதனை எடுத்து ஐந்தாண்டளவு முயன்றார், பயன் விளையவில்லை. 1958 ஏப்பிரல் 7, உயிர்த்தஞாயிறுக்கு மறுநாள் மாலையில், இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்தலாம் என்ற எண்ணத்தோடு அமர்ந்தார். ஒரு வரியில் உரோமன் எண்ணாற் பதினாறும், 1793 என்னும் ஆண்டும் மறைகுறியின்றி இருந்தமை கண்ணிற் பட்டது. பதினாறாம் லூயி மன்னன் கொலைத்தண்டனை பெற்ற ஆண்டன்றோ அது! அவ்வழியே ஒரு சொல் திறந்தது. அன்றிரவே எழுத்துக்கள் பலவும் தெளிந்தன.

பதினைந்தாம் வயதுமுதல் முப்பதாம் வயதுவரை பொற்றர் இரகசியமாக எழுதிய நாட்குறிப்பே அது. மறைகுறி திறந்த பின்னரும் வேலை எளிதன்று. எழுத்து மிகச் சிறிது, தாளோ நெருக்கம். முழுவதையும் எழுதி, இடங்களையும் மனிதரையும் சரிபார்த்து, 1966இல் லிண்டர் வெளியிட்டார். 1971இற் பொற்றரின் எழுத்துக்களின் வரலாற்றை விரிவான நூலாக ஆக்கினார். 1973இல் அவர் மறைந்தபோது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் கொண்ட அவர் தொகுப்பு இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலைக்கு உரியதாயிற்று. இன்று எந்த மாணவரும் முறைப்படி கேட்டு அவற்றைப் பார்வையிடலாம். வாங்கியது, வாசித்தது, விளக்கியது, ஊருக்குக் கொடுத்தது ஆகிய நான்கும் ஒருவரிடத்திலே அமைதல் அரிது. வாங்கியதோடு நின்றுவிடுவோரே பலர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடு தேடி ஊரூராய் அலைந்த காலத்திலும், தம்மிடமுள்ள சுவடியைக் காட்ட மறுத்து, ஈற்றிற் கறையானுக்கு விட்டோர் இருந்தனரென்று கேட்டிருக்கின்றோம். இரும்புப் பெட்டகத்துட் கிடக்கும் கடிதத்துக்கும் அவ்வேட்டுக்கும் உள்ள வேறுபாடு, கறையான் நுழையாமை ஒன்றே.

கறையானைப் பற்றிய பேச்சு வந்தமையால் நம் நாட்டவர்க்கு ஒன்று சொல்லலாம். குளிர்நாட்டில் நூறாண்டு நிலைக்கும் தாள் இங்கே முப்பதாண்டிற் பழுக்கின்றது. ஈரமும் இராமபாணப்பூச்சியும் போதாவென்று, கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டி நாமே மிச்சத்தைக் கெடுக்கின்றோம். சில ஆண்டுகளில் அந்நாடா மஞ்சளாகி எழுத்தையும் உண்டுவிடும். கடிதத்தை மடித்து வைத்தால் மடிப்பிலே முறியும். விரித்து, தூய தாளுறையிலிட்டு, காற்றோட்டமுள்ள மேல்தட்டில் வைத்தல் போதும். யார் யாருக்கு எப்பொழுது எழுதினார் என்பதை உறையின் மேற் பென்சிலாற் குறித்தல் அவசியம். கடிதத்தின் மேல் ஒன்றும் எழுதலாகாது. எழுதியிருப்பது எதனையும் அழித்தலுமாகாது. ஈற்றிற் கூறிய இவ்விதியை நான் மீறினேன்.

வெளிவாரிப் பட்டத் தேர்வுக்காகக் கொழும்பு சென்றிருந்த காலத்தில், மருதானைப் பழம்புத்தகக் கடையொன்றில், பீற்றர் முயற்கதையின் பழைய பிரதி ஒன்றை வாங்கினேன். அது முதற்பதிப்பன்று, பலமுறை அச்சானவற்றுள் ஒன்று, விலையும் ஒரு தேநீரின் விலைக்குச் சற்று மேல். முதுகு கிழிந்திருந்தது. முன்தாளிற் பென்சிலால், பிள்ளைக் கையெழுத்தில் ஒரு பெயரும், அதன்கீழ்ப் பெரியவரொருவரின் கையெழுத்தில் இரண்டு வரியும் ஒரு தேதியும் இருந்தன. பிறகு எனக்கு மகள் பிறந்து, அவள் ஐந்து வயதாகியபோது அந்நூலை அவளுக்குக் கொடுக்க எண்ணினேன். பிறர் பெயரெழுதிய நூலைப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்று, அழிறப்பர் கொண்டு நன்றாகத் துடைத்தேன். தாள் வெளுத்தது. எனக்கும் மனநிறைவாயிருந்தது.

லிண்டரின் வரலாற்றை வாசித்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே. வாசித்த அன்றிரவு அந்நூலைத் தேடியெடுத்து முன்தாளைப் பார்த்தேன். எந்தப் பிள்ளை, எந்த ஊர், கொடுத்தவர் தாயாரா, சிறிய தாயாரா, கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த நூலா, கொழும்பிலே வாங்கிய நூலா என்பன எல்லாம் அவ்விரண்டு வரிகளில் இருந்திருக்கும். நான் அவற்றை ஒருமுறை வாசித்தவன். ஆனால் நினைவில் இல்லை. மின்விளக்கைப் பக்கவாட்டிற் பிடித்தால், பென்சில் அழுந்திய தடம் சிறிது தோன்றுகின்றது. தேதியில் மூன்றும் ஒன்பதும் தெரிகின்றன. பெயரின் முதலெழுத்து எம் போலவும் என் போலவும் இருக்கின்றது. அதன்மேல் என் மகள் தன் பெயரைச் சிவப்பு வர்ணப் பென்சிலாற் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு முயலும் வரைந்திருக்கின்றாள். அம்முயலுக்கு மூன்று கால்கள்.